ஆடி மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபராக நிலைக்க

கம்பெனி வேலையை விட்டு கேமராவோடு வந்த முதல் வருடம், வைகாசியில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று பேர் கூப்பிட்டார்கள். இனி கவலையில்லை என்று புது லென்ஸ் வாங்கினேன். ஆடி பிறந்தது. ஒரு போன் கூட வரவில்லை. வாடகைக்கு அக்காவிடம் கைமாற்று வாங்கினேன். படம் எடுக்கத் தெரிவது வேறு, அதை வைத்து வருடம் முழுக்க வாழ்வது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்த ஆடியைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். டிசைனர், எடிட்டர் என யாராக இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல் படி: வருடச் செலவை எழுதுங்கள்

மாதச் செலவை அல்ல, வருடச் செலவை. வீட்டுக்கு மாதம் 30,000 என்றால் வருடத்துக்கு 3,60,000. கேமரா சர்வீஸ், எடிட்டிங் சாஃப்ட்வேர், பெட்ரோல், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து இன்னொரு 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக 4,80,000.

அடுத்து, எத்தனை நாள் படம் எடுப்பீர்கள் என்று பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஒரு நாள் எடுத்த படத்தை எடிட் செய்ய இரண்டு நாளாவது போகும். தொடக்கத்தில் வருடத்துக்கு 60 நாள் கிடைத்தாலே நல்லது. 4,80,000-ஐ 60-ஆல் வகுத்தால் 8,000. ஒரு நாளுக்கு உங்கள் கையில் நிற்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை இது. உதவியாளர் சம்பளம், ஆல்பம் செலவு, வரி எல்லாம் இதற்கு மேல். "பக்கத்துப் பையன் அஞ்சாயிரத்துக்கு வர்றான்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கு கையில் இருப்பவர் தடுமாற மாட்டார்.

இரண்டாம் படி: வறண்ட மாதத்துக்கு வேறு வேலை பிடியுங்கள்

எனக்குப் பிழைப்பு தந்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்கு வேலையில்லாத ஆடியில்தான் சென்னையின் கடைவீதியான தி.நகர் நிரம்பி வழிகிறது. தள்ளுபடி விளம்பரத்துக்குப் புடவை, நகை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். பெரிய கடைகளுக்கு ஏஜென்சி இருக்கும். பாண்டி பஜார், புரசைவாக்கம் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு இருக்காது. ஆனி பிறக்கும்போதே போய்ப் பாருங்கள். ஆடி வந்த பிறகு போனால் முதலாளிக்குப் பேச நேரமிருக்காது. போகும்போது கல்யாண ஆல்பத்தைக் காட்டாதீர்கள். வீட்டிலேயே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு புடவை, ஒரு பித்தளை விளக்கு, ஒரு தட்டு இட்லி எடுத்து அதைக் காட்டுங்கள்.

மார்கழியிலும் இப்படித்தான். சபாக்களில் கச்சேரியும் நாட்டியமும் நடக்கும் காலம். வளரும் கலைஞர்களுக்கு நல்ல மேடைப் படங்கள் தேவை.

இதைக் கலைக்குச் செய்கிற துரோகமாக நினைக்க வேண்டாம். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். அந்த ஓவியர்கள் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள், அந்தக் காசில்தான் ஓவியம் வரைந்தார்கள். அடுப்பெரிய ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை. இரண்டும் ஒரே கையால் நடக்கலாம்.

மூன்றாம் படி: வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள்

தெரிந்தவர் வீட்டுக் கல்யாணமானாலும் கொட்டேஷன் கொடுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை படம், ஆல்பத்தில் எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள் டெலிவரி என்று ஒரு பக்கம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். தேதியைப் பதிவு செய்ய 50 சதவீதம் அட்வான்ஸ், கல்யாணத்தன்று 40, ஆல்பத்துக்கு 10. இது என் வழக்கம்.

உரிமை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் அல்ல. நான் ஒரு கடைக்கு ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக எடுத்துக் கொடுத்த படம், பிறகு பெரிய பேனராகச் சாலையில் நின்றது. கூடுதல் பணம் கேட்கும்படி என்னிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. இப்போது "உரிமை எடுத்தவருக்கே, இந்தப் பயன்பாட்டுக்கு, இத்தனை மாதத்துக்கு மட்டும் அனுமதி" என்ற வரியைச் சேர்த்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன்.

நான்காம் படி: அரசாங்கக் காகிதங்கள்

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்யுங்கள். ஆன்லைனில் ஆதார், பான் எண் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். பதிவு செய்த சிறு தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் அதிக நாள் எழுதியிருந்தாலும், வேலை வாங்கிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது சட்டம். தாமதமானால் வட்டி கேட்கலாம். இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டாலே சில அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் வேகமாக நகரும்.

கம்பெனிகள் பெரும்பாலும் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகையை, பிடித்துக்கொண்டுதான் தரும். அது போன பணமில்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் போடும்போது அதிகமாகப் பிடித்தது திரும்ப வரும். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மற்றதற்கு ஒரு ஆடிட்டரைப் பிடியுங்கள், அவருக்குத் தரும் கட்டணம் வீணல்ல.

ஐந்தாம் படி: வந்தவுடன் பிரியுங்கள்

ஒவ்வொரு தொகை வரும்போதும் நான்கில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாதச் செலவு அதில் சேரும்வரை லென்ஸ் வாங்க வேண்டாம். தேவைப்பட்டால் வாடகைக்கு எடுக்கலாம்.

ஆறாம் படி: பழைய வீடுகளை மறக்காதீர்கள்

ஆல்பம் கொடுத்ததோடு அந்தக் குடும்பம் முடிந்துவிடவில்லை. வளைகாப்பு, பெயர் சூட்டல், காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு கல்யாணத் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த வருடம் அதே நாளில் அவர்களுடைய படம் ஒன்றை அனுப்பி வாழ்த்துச் சொல்லுங்கள். விலைப்பட்டியலை அதோடு சேர்க்காதீர்கள். போன ஆடியில் எனக்கு வந்த இரண்டு பிறந்தநாள் வேலைகள் அந்த நோட்டிலிருந்துதான் வந்தன.