ஹெர்குலிஸ் விமானம்: எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

1954 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க ராணுவச் சரக்கு விமானமான சி-130 ஹெர்குலிஸ் இன்றும் தயாராகிறது. ரகத்தைக் கண்டுபிடிக்க முதலில் புரொப்பெல்லர் பிளேடுகளை எண்ணுங்கள். 3 என்றால் தொடக்ககால ஏ ரகம். 4 என்றால் பி, இ, எச் ஆகியவற்றில் ஒன்று. அரிவாள் போல் வளைந்த 6 பிளேடு இருந்தால் 1996இல் பறக்கத் தொடங்கிய ஜே.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பழைய ஏ விமானங்கள் சிலவற்றுக்குப் பின்னாளில் 4 பிளேடு மாட்டினார்கள். அமெரிக்காவில் எச் சிலவற்றில் இப்போது 8 பிளேடு. அதனால் அடுத்து இறக்கைக்கு அடியில் தொங்கும் எரிபொருள் தொட்டியைப் பாருங்கள். ஏ ரகத்தில் அது வெளி எஞ்சினையும் தாண்டி இறக்கை நுனிப்பக்கம் இருக்கும். இ, எச் ரகங்களில் இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே. இ-யையும் எச்-சையும் பிரிப்பதுதான் தலைவலி: முக்கிய மாற்றம் எஞ்சினின் சக்தியில், வெளியே தெரியாது. வால் எண்ணைக் குறித்துக்கொண்டு தேடுவதே வழி.

கடைசியாக நீளம். சாதாரண உடல் 29.8 மீட்டர்; நீட்டியது 34.4. இறக்கைக்கு முன்னால் 100 அங்குலமும் பின்னால் 80 அங்குலமும் சேர்த்திருக்கிறார்கள். இந்திய விமானப்படையிடம் இருப்பது நீட்டிய ஜே-30. ஆனால் நீளமானதெல்லாம் ஜே அல்ல. எச்-30, சரக்கு நிறுவனங்கள் ஓட்டும் ஹெர்குலிஸ் வடிவமான எல்-100-30 இரண்டும் நீளமே. அவற்றில் 4 பிளேடுதான்.