காந்தத்துக்கு வளையும் ஹைட்ரோஜெல்: முதன்முறை செய்கிறவர்களுக்கு

ஹைட்ரோஜெல் என்பது நீரை உள்ளே பிடித்து வைத்திருக்கும் மென்மையான ஜெல்; காந்தத் தூள் கலந்தால் அது காந்த ஹைட்ரோஜெல். காந்த ஹைட்ரோஜெல் என்றதும் எல்லோரும் இரும்புத் தூளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஜெல்லுக்கு உறுதி தருவது அதன் பாலிமர் வலை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பின்னிய வலை. தூள் கூடக்கூட ஜெல் சீக்கிரம் கிழியும். அதனால் முதலில் வலையைக் கவனிப்போம்.

2012-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுப்பது), பாலிஅக்ரிலமைடு என்ற இரு பாலிமர் வலைகளைப் பின்னிச் செய்த ஜெல் 20 மடங்குக்கு மேல் நீண்டது. ஆனால் பாலிஅக்ரிலமைடைச் செய்யப் பயன்படும் அக்ரிலமைடு மோனோமர் (சங்கிலியின் ஒற்றை அலகு) நரம்பைத் தாக்கும் நச்சு. தொடங்குகிறவர்களுக்கு பாலிவினைல் ஆல்கஹால், அதாவது பிவிஏ, போதும்.

படி 1: 90 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் பிவிஏவைக் கலக்கியபடியே 90 டிகிரி செல்சியஸில் கரையுங்கள். 98 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரலைஸ் ஆன (அசிடேட் குழுக்கள் நீங்கிய), மூலக்கூறு எடை அதிகமான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான ரகத்தில் ஜெல் சரியாக இறுகாது.

படி 2: கரைசல் ஆறித் தேன் பதத்துக்கு வந்ததும் 5 கிராம் மேக்னடைட் (காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடு) தூளைச் சேருங்கள். நானோ தூள் என்றால் முகக்கவசம், கையுறை கட்டாயம். இங்கே மேக்னடிக் ஸ்டிரர் (காந்தத் துண்டைச் சுழற்றிக் கலக்கும் கருவி) வேண்டாம். தூள் முழுவதும் அதன் காந்தத் துண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக் குச்சியால் கலக்குங்கள், அல்ட்ராசோனிக் குளியல் (மீயொலியால் அதிரும் நீர்த்தொட்டி) இருந்தால் அதில் வையுங்கள். கட்டி தங்கிய இடத்தில்தான் பிறகு கிழிசல் தொடங்கும்.

படி 3: தூள் அடியில் படிவதற்குள் மெல்லிய அச்சில் ஊற்றி, மூடி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு இரவு வையுங்கள். மறுநாள் அறை வெப்பத்தில் உருகவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். நீர் உறையும்போது பிவிஏ சங்கிலிகள் நெருங்கி நுண்படிகங்களாகின்றன. அவையே வலையின் முடிச்சுகள். வேறு இணைப்பு வேதிப்பொருள் தேவையில்லை.

படி 4: லிட்டருக்கு 300 கிராம் சோடியம் சிட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். உப்பு ஜெல்லிலிருந்து நீரை இழுத்துச் சங்கிலிகளை இன்னும் நெருக்கும். ஜெல் சுருங்கும், அதனால் அச்சைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுங்கள். இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். உறுதியில் பெரிய வேறுபாடு இங்குதான் வருகிறது.

சோதிக்க, ஒரு பட்டையை வெட்டி ஒரு முனையை கிளிப்பில் தொங்கவிட்டு, நியோடிமியம் காந்தத்தைப் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். பட்டை வளையும். சீரான காந்தப்புலம் இந்தத் தூளை இழுக்காது. புலத்தின் வலிமை இடத்துக்கு இடம் மாறினால்தான் இழுவிசை உண்டு.

ஜெல்லை சிட்ரேட் கரைசலிலேயே போட்டு வையுங்கள். வெறும் தண்ணீரில் வைத்தால் உப்பு வெளியேறி, ஜெல் மெல்ல ஊதி, உறுதி குறையும்.