நாற்காலியைத் தள்ளிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவேன்

புது கேம் ஒன்றைத் திறந்ததும் நான் கதை பக்கம் போவதில்லை. முதலில் ஒரு நாற்காலியைத் தேடுவேன். கிடைத்தால் ஓடிப்போய் முட்டுவேன். அசைந்தால் சந்தோஷம். பாறை மாதிரி நின்றால், இது வெறும் செட் என்று மனசு அப்போதே குறித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல கதை வந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் ஆடுவேன்.

இந்தக் கிறுக்கு 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2-இல் தொற்றியது. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, ரயில் நிலையத்தில் ஒரு காவலன் காலி டப்பாவைத் தட்டிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்வான். போடலாம். அவன் மேலேயே வீசியும் அடிக்கலாம்; அடித்தால் தடியோடு துரத்துவான். நான் தொட்டால் இந்த இடம் பதில் சொல்லும் என்பதை அந்த ஒரு டப்பாவிலேயே சொல்லிவிட்டார்கள். கேமில் பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் சிதறுவதையும் காட்டும் பிசிக்ஸ் எஃபெக்ட்டில் நான் தேடுவது இந்தப் பதிலைத்தான். பறக்கும் தீப்பொறியும் சுழலும் புகையும் அதற்குப் பிறகு.

உங்கள் கணினியில் ஒரு கேமை இந்த விஷயத்தில் சரிசெய்து வைக்க அரை மணி நேரம் போதும். நான் செய்யும் முறை இது.

செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா சுற்றுங்கள். ஒரு பாட்டிலைச் சுடுங்கள், பெட்டியைப் படிக்கட்டில் உருட்டுங்கள், திரைச்சீலைக்குள் நுழைந்து வெளியே வாருங்கள். மூன்றே விஷயம் கவனித்தால் போதும். கனமான பொருள் கனமாக விழுகிறதா? விழும் சத்தம் அடிக்கு ஏற்ப மாறுகிறதா? அறையை விட்டுப் போய்த் திரும்பினால் அது விழுந்த இடத்திலேயே கிடக்கிறதா?

சத்தத்தைப் பலர் இதில் சேர்ப்பதே இல்லை. இரும்புப் பீப்பாயின் அசைவை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும், மெல்ல உருளும்போதும் மாடியிலிருந்து விழும்போதும் ஒரே ‘டங்’ கேட்டால் அது அட்டைப் பீப்பாய்தான். அதனால் இந்தச் சோதனையை ஹெட்போன் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று, எல்லாம் உடைய வேண்டும் என்பதில்லை. விதி மாறாமல் இருந்தால் போதும். 2009-இல் வந்த ரெட் ஃபேக்‌ஷன்: கெரில்லாவில் சம்மட்டியை வைத்து முழுக் கட்டிடத்தையும் சாய்க்கலாம். ஆனால் தரையைத் தோண்ட முடியாது. எனக்கு அது ஒருநாளும் உறுத்தியதில்லை. மனிதன் கட்டியது உடையும், மண் உடையாது என்பது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். ஒரு ஜன்னல் நொறுங்கி, பக்கத்திலேயே அதே மாதிரி ஜன்னல் குண்டுக்கும் அசையாமல் நிற்கிறதே, அங்கேதான் நான் ஆட்டத்திலிருந்து வெளியே வந்து விழுகிறேன்.

சரி, இப்போது செட்டிங்ஸ். முதல் வேலை ஃபிரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பதை, ஒரு நிலையில் நிறுத்துவது. நாம் காண்பது தொடர்ந்து ஓடும் உலகம் போலத் தெரிந்தாலும், உள்ளே அது துண்டு துண்டாகத்தான் நகர்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எது எங்கே இருக்கிறது, எதில் இடிக்கிறது என்று கேமை இயக்கும் எஞ்சின் பார்க்கும். சில கேம்களில் ஃபிரேம் குறைந்தால் துண்டு பெரிதாகும்; அப்போது வேகமாக வரும் பொருள் ஒரு கணக்கில் சுவருக்கு இந்தப் பக்கமும் அடுத்த கணக்கில் அந்தப் பக்கமும் இருக்கும். சுவரை அது தொடவே இல்லை என்றாகிவிடும். மெல்லிய கதவுக்குள் கை கால் புகுந்து கிடக்கும் சடலங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபிரேம் கூடினாலும் சில கேம்களுக்கு ஆபத்துதான். 2011-இல் வந்த ஸ்கைரிமில் பிசிக்ஸ் 60 ஃபிரேமை நம்பி அமைக்கப்பட்டது. வினாடிக்கு 144 படம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அந்த 60 கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு முதல்முறை ஆடியபோது, ஒரு வீட்டுக் கதவைத் திறந்தேன். மேசையிலிருந்த தட்டும் கூடையும் தாமாக எகிறிச் சிதறின. பேய் வீடு என்றே நினைத்தேன். அடுத்த வீட்டிலும் அதே கதை. ஆகவே பழைய கேம்களில் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் செட்டிங்ஸுக்குப் போய் 60-இல் கட்டிவிடுங்கள். புதிய கேம்களில், மோசமான சண்டையிலும் உங்கள் கணினி தாங்கும் எண் எதுவோ அதில் கட்டுங்கள். சராசரி 90 வருகிறது, வெடிக்கும்போது 60-க்கு விழுகிறது என்றால் நான் 60-இல்தான் வைப்பேன். வெடிப்பு நடக்கும் நொடியில் படம் திக்கினால், பறக்கும் செங்கல் எத்தனை இருந்து என்ன பயன்?

அடுத்து, திக்குவது யாரால் என்று கண்டுபிடியுங்கள். இதில் நான் காசைத் தொலைத்தவன். வெடிப்பு வரும்போதெல்லாம் ஆட்டம் இழுக்கிறதே என்று பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். காட்சி பளபளத்தது, இழுவை அப்படியே இருந்தது. இன்றைய கேம்களில் பொருள்கள் மோதிக்கொள்ளும் கணக்கைப் பெரும்பாலும் பிராசசர்தான் பார்க்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. சோதிப்பது எளிது. சேவ் செய்துவிட்டு, ஒரே வெடிப்பை இரண்டு முறை நடத்துங்கள்: ஒருமுறை உங்கள் வழக்கமான ரெசல்யூஷனில், ஒருமுறை ரொம்பக் குறைத்து. இரண்டிலும் ஒரே மாதிரி திக்கினால் குற்றவாளி கார்டு இல்லை. ரெசல்யூஷனைப் பழையபடி ஏற்றிவிட்டு, சிதறல்களின் எண்ணிக்கையையும் கூட்டத்தின் அளவையும் குறையுங்கள்.

இதற்கு விதிவிலக்கு, கார்டிலேயே பிசிக்ஸ் ஓடிய ஒரு தலைமுறை. ஏஜியா என்ற நிறுவனம் 2006-இல் பிசிக்ஸுக்கென்றே தனி கார்டு விற்றது. 2008-இல் என்விடியா அந்த நிறுவனத்தை வாங்கி, அதன் பிசிக்ஸ் மென்பொருளான ஃபிஸ்எக்ஸைத் தன் கார்டுகளுக்குக் கொண்டுவந்தது. பேட்மேன்: ஆர்க்கம் அசைலமில் கால் பட்டால் காகிதங்கள் எழும்பும், புகை உடலைச் சுற்றி விலகும். இன்றும் எனக்கு அது அழகுதான். ஆனால் அதே வேலையைப் பிராசசர் தலையில் கட்டினால் ஆட்டம் நொண்டும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகள் பழைய 32-பிட் ஃபிஸ்எக்ஸுக்கு ஆதரவில்லாமல்தான் வெளிவந்தன. புதுக் கார்டில் பழைய கேம் திடீரென்று ஊர்ந்தால் முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபிஸ்எக்ஸ் தெரிவை அணைத்துவிடுங்கள்.

எதை வெட்டலாம், எதை விடக்கூடாது? தலைமுடியை முதலில் வெட்டுவேன். விட்சர் 3-இல் ஹேர்வொர்க்ஸ் என்ற தெரிவு முடியை அருமையாக ஆட்டும். கார்டையும் சேர்த்து ஆட்டும். சண்டையில் நாயகனின் பின்னந்தலையை யார் பார்க்கிறார்கள்? சிதறல்கள் எவ்வளவு நேரம் கிடக்கும் என்ற தெரிவு இருந்தால் அதை மட்டும் தாராளமாக வையுங்கள். எண்ணிக்கையைப் பாதியாக்கினால்கூட நான் கவனிப்பதில்லை. என் கண்முன்னே செங்கல் மறைந்தால் உடனே தெரிகிறது.

கேமரா குலுக்கலும், அசையும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளரும் பிசிக்ஸ் அல்ல. இரண்டையும் அணையுங்கள்; பொருள் எப்படி விழுகிறது என்பதே அவற்றில் மறைந்துபோகும்.

கணக்கு அதிகமானால் நம்பிக்கையும் அதிகமாகும் என்று சொல்லமாட்டேன். பீம்என்ஜி.டிரைவ் வினாடிக்கு 2000 முறை கணக்கிட்டு ஒரு காரை நசுக்குகிறது. அங்கே நசுங்கும் தகரம்தான் ஆட்டமே, அதனால் அது தகும். ஹாஃப்-லைஃப்: ஆலிக்ஸில் பாட்டிலை ஆட்டினால் உள்ளே திரவம் தளும்பும். அது உண்மையான திரவக் கணக்கு இல்லை, ஷேடர் வித்தை; அதாவது படம் வரையும்போதே செய்யும் கண்கட்டு. ஆனாலும் வித்தை பலிக்கிறது: எதிரி நெருங்குகிறான், நான் பாட்டிலைக் கண்ணெதிரே பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஈர்ப்பு விசையையும் ஒருமுறை நீங்களே திருகிப் பாருங்கள். ஹாஃப்-லைஃப் 2-இல் கட்டளை தட்டும் பெட்டியான கன்சோலைத் திறந்தால் அதை மாற்றும் கட்டளை இருக்கிறது. இயல்பான மதிப்பு 600. அதை 300 ஆக்கி, ஒரு பீப்பாயை மாடியிலிருந்து தள்ளுங்கள். ஓவியமும் வெளிச்சமும் அப்படியே இருக்க, பீப்பாய் மட்டும் தெர்மோகோல் ஆகிவிடும். திரும்ப 600. இப்போது கனம் வந்துவிட்டது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், வேறு கேமில் ஏதோ மிதக்கிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றும்போது எங்கே பார்ப்பது என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாம் முடிந்ததும் பழைய சேவ் ஃபைலைத் திறந்து, தள்ளிவிட்ட அதே நாற்காலியிடம் போய் இன்னொரு முறை முட்டுங்கள். டிரைவரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நான் அந்த நாற்காலியைத்தான் முதலில் பார்ப்பேன்.