ஐஸ்லாந்து மேய்ப்பு நாய்: வாங்கிய கையோடு செய்யும் தவறுகள்

நார்வேயில் ஆட்டுப்பண்ணைகளுக்கு மேய்ப்பு நாய் பழக்குவது என் தொழில். ஐஸ்லாந்து நாய்க்குட்டியும் கையுமாகப் புதிதாக வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், ஆரம்பத்தில் நான் அடித்த கூத்துகளே மறுபடி அரங்கேறுகின்றன. தடுப்பூசி, ரோமம் வாருவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வைக்கிங் கதையில் மயங்குவது

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறியவர்களோடு இந்த நாய் ஐஸ்லாந்துக்குப் போனது உண்மை. "அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே வந்த இனம்" என்பது விற்பவர் பேச்சு. 19ஆம் நூற்றாண்டில் பரவிய கொள்ளைநோயில் தீவின் நாய்களில் பெரும்பகுதி செத்தது. 1950களில் மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர் தேடிப் போனபோது, ஒதுக்குப்புறப் பண்ணைகளில்தான் அசல் சாயல் கொண்ட நாய்கள் மிஞ்சியிருந்தன. சிலவற்றை அவர் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். 1960களில் சிக்ரிதுர் பியெத்துர்ஸ்தோத்திர் என்ற பெண்மணி ஐஸ்லாந்திலேயே முறையான இனப்பெருக்கத்தில் இறங்கினார். இன்றைய நாய்கள் அப்படி மிஞ்சிய சிலவற்றின் வழிவந்தவை; ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே குட்டியின் நிறத்தைக் கேட்காதீர்கள்; தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே தாத்தா வருகிறாரா என்று கேளுங்கள்.

பின்னங்காலின் உபரி விரல்கள்

வெட்டாதீர்கள். அவை இனத்தின் அடையாளம்.

பார்டர் கோலிப் பாடத்தை இதற்கு நடத்துவது

இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பார்டர் கோலி என்ற பிரிட்டன் மேய்ப்பு நாய் அகலமாக வட்டமிட்டுப் போய், உடலைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் முறைத்தே ஆடுகளை மேய்ப்பனிடம் கொண்டுவரும். ஐஸ்லாந்து நாய் நிமிர்ந்து நிற்கும், வாலை முதுகின் மேல் சுருட்டிக்கொள்ளும், குரைத்துக்கொண்டே பின்னாலிருந்து தள்ளும். காரணம் அந்த நாட்டு நிலத்தில் இருக்கிறது. கோடை முழுவதும் ஆடுகள் மேய்ப்பன் இல்லாமல் மலையில் சிதறித் திரியும். செப்டம்பரில் பண்ணைக்காரர்கள் குதிரையிலும் நடந்தும் மலையைச் சலித்து, அவற்றைக் கீழே இறக்கி, காது வெட்டுக்குறி பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். எரிமலைப் பாறைகளுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கிய நாய் கண்ணுக்குத் தெரியாது. அதன் குரல்தான் ஆட்டைக் கிளப்பும். நாய் எங்கே நிற்கிறது என்று ஆளுக்கும் சொல்லும். வீட்டருகே அதற்கு இருந்த வேலை, உலர்புல்லுக்கு விட்ட புல்வெளியிலிருந்து ஆடுகளை வெளியே துரத்துவது. கூட்டிவருவதல்ல.

தெரிந்த தம்பி ஒருவர் கோலி வீடியோக்களைப் பார்த்துப் பழக்கத் தொடங்கினார். பெண் நாய் ஒவ்வொரு முறை குரைக்கும்போதும் ஓர் அதட்டல், கயிற்றில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஆட்டைப் பார்த்தாலே திட்டு விழும் என்று அது புரிந்துகொண்டது. என்னிடம் கொண்டுவந்தபோது, பட்டிக் கதவு திறந்ததும் என் கால்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆடுகள் இதை உடனே மோப்பம் பிடித்துவிடும். கிழட்டுப் பெட்டை ஆடு ஒன்று முன்காலைத் தரையில் உதைத்து, நேரே வந்து முட்டியது. அந்த ஆண்டு மந்தை இறக்க அவர் நாயில்லாமல்தான் போனார். அதன் தைரியம் திரும்ப ஒரு குளிர்காலம் ஓடிப்போயிற்று. அதற்குள் அவர் ஊரெல்லாம் "அந்த இனத்துக்கே புத்தி மட்டு" என்று சொல்லி வைத்திருந்தார். அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

முதலில் சாதுவான நாலைந்து ஆடுகளை விடுங்கள். மந்தைக்குப் பின்னால் நாயோடு நீங்களும் நடந்து ஓட்டுங்கள். குரைக்கட்டும், கால்களை மட்டும் கவனியுங்கள். குரைத்தபடி இடமும் வலமும் நகர்ந்தால் வேலை நடக்கிறது. ஒரே இடத்தில் ஊன்றி ஆட்டின் முகத்துக்கு நேரே குரைத்தால் அது பயம் அல்லது தலைக்கேறிய உற்சாகம். பேர் சொல்லி வெளியே அழையுங்கள். "போதும்" என்ற கட்டளையை ஆடே இல்லாத இடத்தில், வீட்டு வாசலில் தனியாகப் பழக்குங்கள். சத்தமே ஆகாது என்றால் கோலியை வாங்குங்கள். ஐஸ்லாந்துப் பண்ணைக்காரர்கள் பலர் இன்று அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பச்சை ஈரல்

ஆடு அறுத்த இடத்தில் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு எறியாதீர்கள். அவற்றில் நாடாப்புழுவின் இளநிலை தங்கிய நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி. ஐஸ்லாந்தில் இது எத்தனையோ பேரைப் பலிவாங்கியது. 1924 முதல் 1984 வரை ரெய்க்யவிக் நகரில் நாய் வளர்க்கவே தடை இருந்தது.

அடுக்குமாடி வீட்டில் வளர்ப்பது

உங்களுக்குச் சரி. கீழ்வீட்டுக்காரருக்கு?

வானத்தைப் பார்த்துக் குரைப்பதற்கு அடிப்பது

பறவை பறந்தால் இந்த நாய் அண்ணாந்து குரைத்தபடி ஓடும். ஆட்டுக்குட்டியைக் கொத்த வரும் அண்டங்காக்கையை விரட்டிய பழக்கம் என்று ஐஸ்லாந்தில் சொல்வார்கள். அடித்தால் நிற்காது. ஒரு குரைப்புக்கு விட்டுக்கொடுத்து, உடனே அழைத்து, வந்ததும் தின்ன ஏதாவது கொடுங்கள். பெரும்பாலான நாய்கள் அதற்குள் அடங்கிவிடும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் பாக்கெட்டில் தின்பண்டம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.