காகாசனம்: காலைத் தூக்க அவசரப்படாதீர்கள்

விடியற்காலையில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நடக்கும்போது, ஈர மணலில் கையூன்றிக் காகாசனம், அதாவது முழு உடலையும் கைகளிலேயே தாங்கும் யோகாசனம், போட்டுப் பார்ப்பவர்களைக் காண்கிறேன். மணல்தானே, விழுந்தாலும் நோகாது என்று நினைக்கிறார்கள். எனக்குப் பயமே அந்த மணல்தான். உடற்பாரம் கைக்கு வந்ததும் உள்ளங்கையின் அடிப்பக்கம் புதைந்துவிடும், விரல்கள் மேலே நிற்கும். ஏற்கெனவே 90 பாகை அளவுக்கு மடங்கியிருக்கிற மணிக்கட்டு இன்னும் பின்னுக்கு வளையும். கரையும் கடல் பக்கம் சரிவு. பழகும் நாட்களில் வீட்டுச் சீமெந்துத் தரையும் வழுக்காத யோகா விரிப்பும் போதும். பன்பாய் வேண்டாம், அது இழுபடும்.

அடுத்த தவறு, துள்ளிக் காலைத் தூக்குவது. துள்ளினால் பாரம் ஒரேயடியாக முன்னுக்குப் பாயும், முகம் தரையில் அடிபடும். குந்தியிருந்து, கைகளைத் தோளகலத்தில் ஊன்றி, முழங்கால்களை அக்குளுக்குக் கிட்ட மேற்கையில் வையுங்கள். பிறகு மெதுவாக முன்னே சாயுங்கள், அவ்வளவுதான். பாரம் விரல்களுக்கு வர வரப் பாதம் தானாக இலேசாகும். விரல் நுனிகள்தான் இங்கே பிரேக். நகங்களைப் பாருங்கள்: நுனி வெளுத்திருந்தால் விரல் தரையைப் பிடிக்கிறது. முதலில் ஒரு கால், இரண்டு மூச்சு, இறக்கிவிட்டு மற்றக் கால். இரண்டையும் சேர்த்துத் தூக்குவதற்குச் சில வாரங்கள் போனாலும் போகட்டும்.

பார்வை கைகளுக்கு ஒரு அடி முன்னால் இருக்கட்டும். கீழே குனிந்து பாதத்தைத் தேடினால் தலையும் கூடவே போய்விடும். முகத்துக்கு நேரே ஒரு தலையணையைப் போட்டுப் பாருங்கள், பாதிப் பயம் அதிலேயே போய்விடும். முழங்கைகள் வெளியே விரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கவும் வேண்டாம்.

முழங்கை மடிந்திருந்தால் காகம், நிமிர்ந்தால் கொக்கு, அதாவது பகாசனம். காகம் நிலைக்க முன்னரே கொக்குக்குத் தாவுபவர்களுக்குத்தான் மணிக்கட்டு அதிகம் நோகிறது.

தேங்காய் எண்ணெய் பூசிய கையும் நம்முடைய ஊர் வியர்வையும் முழங்காலை வழுக்கவைக்கும், பக்கத்தில் ஒரு துவாய் இருக்கட்டும். சாப்பிட்டு மூன்று மணித்தியாலமாவது போகவேண்டும். உயர் இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், விரல் விறைப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

மணிக்கட்டு நோகிற நாளில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மேற்கையோடு சேர்த்து, உள்ளங்கைகளைக் கூரையை நோக்கித் தள்ளுங்கள். அதே காகாசனம்தான், மணிக்கட்டில் மட்டும் பாரமில்லை.