மண்டையோட்டில் விரிசலா? உடனே கொலை என்று எழுதிவிடாதீர்கள்

மொகஞ்சதாரோவில் கிடைத்த சுமார் 37 எலும்புக்கூடுகளை வைத்து ஒரு படுகொலைக் கதையே எழுதப்பட்டது. தாறுமாறாகக் கிடந்தவர்கள் எல்லாம் ஆரியப் படையெடுப்பில் வெட்டுண்டு மாண்டவர்கள் என்று 1940களில் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் சொன்னார். அவர்கள் ஒரே நாளில் செத்தவர்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று 1964இல் இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் மறுத்தார். பிறகு எலும்பு ஆய்வாளர் கென்னத் கென்னடி அந்த எலும்புகளை ஆராய்ந்தபோது, வெட்டு என்று நம்பப்பட்ட தடங்களில் பெரும்பாலானவை மண்ணரிப்பின் வேலை என்று தெரிந்தது.

என்ன காயம் என்று ஆராயும் அவசரத்தில், எப்போது ஏற்பட்டது என்று கேட்க மறப்பதுதான் பழங்கால எலும்புகளை ஆராயும் இத்துறையின் ஆகப் பெரிய தவறு. உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உயிருள்ள எலும்பில் வளைந்து கொடுக்கும் தன்மை தரும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. அதனால் அது சாய்வாக, வழவழப்பான விளிம்போடு உடையும். அந்த விளிம்பும் மற்றப் பரப்பைப் போலவே மண்நிறம் ஏறியிருக்கும். காய்ந்த எலும்போ குறுக்காக, சொரசொரப்பாக முறியும். விளிம்பு மட்டும் வெளுத்திருந்தால் பெரும்பாலும் அகழாய்வுக் குழியில் பட்ட மண்வெட்டிதான் குற்றவாளி. எலிப் பல்லும் மரவேரும் விட்டுச்செல்லும் கீறல்களைக் கத்திவெட்டு என்று பதிவு செய்தவர்களும் உண்டு.

விளிம்பு மழுங்கி, புது எலும்பு படிந்திருந்தால் அடிபட்டவர் பிழைத்திருந்தார் என்று பொருள். ஆனால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகவே ஆறிய தடம் இல்லை என்பதால் அந்த இடத்திலேயே உயிர் போனது என்று எழுத முடியாது. மூன்று நாள் கிடந்து இறந்தவரின் எலும்பும் அப்படித்தான் இருக்கும்.

கிடந்த கோலத்தை நோயாக எண்ணுவது இன்னொரு வழுக்கல். 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு முதுகு வளைந்த நிலையில் கிடைத்தது. குழியோ அவர் உடலுக்குப் போதாத நீளம். அந்த வளைவு குழியால் வந்ததல்ல, பக்கவாட்டு முதுகெலும்பு வளைவு நோய்தான் என்று உறுதி செய்தவை தனித்தனி முள்ளெலும்புகள். அவற்றின் வடிவமே கோணலாக இருந்தது.

பிறவியிலேயே அமையும் வேறுபாடுகளும் ஏமாற்றும். சிலருக்கு மார்பெலும்பின் நடுவே வட்டமான துளை இருக்கும். குண்டு பாய்ந்ததாகவே தோன்றும். நெற்றி நடுவில் இணையாமல் நின்றுவிட்ட தையல்கோட்டையும் (இரு எலும்புகள் சேரும் கோடு), வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சி இடைவெளியையும் முறிவு என்று குறித்துவிடுவது எளிது.

நோய்க்குப் பெயர் வைப்பதில்தான் எனக்கு அதிக எரிச்சல். கண்குழியின் கூரையில் சல்லடைத் துளைகள் தெரிந்ததும் ‘இரும்புச்சத்துக் குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். வேறு வகை இரத்தசோகையிலும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியிலும் கூட அங்கே துளைகள் விழலாம். முதுகெலும்பு அரித்திருந்தால் காசநோய் மட்டுமல்ல, புரூசெல்லா கிருமியும் காரணமாக இருக்கலாம். ஒரு குறியை நம்பாமல், குறிகள் உடலெங்கும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ராஜஸ்தானின் பாலாதலில் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவருக்குத் தொழுநோய் என்று 2009இல் அறிவித்தவர்கள், மூக்குத் துவாரத்தின் விளிம்பு, மேல்தாடை, கால் எலும்பு எனப் பல இடங்களின் மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

குறியே இல்லாத எலும்பு ஆரோக்கியமானவருடையது என்பதும் தவறு. காலராவும் பிளேக்கும் எலும்பைத் தொடுமுன்பே ஆளைக் கொண்டுபோய்விடும். எலும்பில் தழும்பு ஏறும்வரை நோயோடு வாழ்ந்தவர், ஒருவகையில் வலுவானவர். 1992 முதல் ஆய்வாளர்கள் விவாதித்து வரும் முரண் இது.

பல தவறுகள் எலும்புகளைக் கழுவும் தொட்டியிலேயே தொடங்குகின்றன. நோய்க்கு எதிர்வினையாகப் படிந்த புது எலும்பு மிக மெல்லியது, தொட்டால் உதிரும். அதைக் கெட்டியான பிரஷ் கொண்டு தேய்த்தால் மண்ணோடு சேர்ந்து அதுவும் போய்விடும். பற்களில் ஒட்டிய காரையைச் சுரண்டுவதும் கூடாது. அந்த மனிதர் உண்ட உணவின் துகள்களும் வாயில் வாழ்ந்த கிருமிகளின் மரபணுவும் அதில்தான் தங்கியிருக்கின்றன.