எஸ்எஸ் ராடு எடுக்கும்போது பண்ற தப்புங்க, மேக்னட்ல ஆரம்பிச்சு

எஸ்எஸ்னா, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா, மேக்னட் ஒட்டக்கூடாதுன்னு இன்னமும் நிறைய பேரு நம்பிட்டு இருக்காங்க, அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கறேன். 410, 416, 420, 430ன்னு வர்ற கிரேடு எல்லாமே அசல் ஸ்டெயின்லெஸ் தான், மேக்னட் நல்லாவே பிடிக்கும். 304 சாதாரணமா பிடிக்காது, ஆனா அதையே டையில விட்டு இழுத்து பிரைட் பார் (பளபளப்பான, அளவு சரியான ராடு) ஆக்கினா உள்ள இருக்கற அமைப்பு கொஞ்சம் மாறி லேசா ஒட்டும், அதப் பாத்துட்டு டூப்ளிகேட்டுன்னு நல்ல ராட திருப்பி அனுப்பிடறாங்க. அத விட மோசம் இதுக்கு நேர் எதிரான தப்பு, ஒட்டல, அப்போ 304 தான்னு முடிவு பண்றது. 201-உம் தான் ஒட்டாது! அதுல நிக்கல குறைச்சுட்டு மாங்கனீஸ் 5.5லேருந்து 7.5 சதவீதம் வரைக்கும் சேத்திருப்பாங்க, ஈரத்துல 304 அளவுக்கு தாங்காது.

அடுத்தது 303. இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இதுல செஞ்ச வேலையே வீணாப் போகும். 304 லேத்துல ஓட்டினா சிப்பு சுருள் சுருளா நீளமா வந்து டூல்ல சுத்திக்கும், 303ல கந்தகம் குறைஞ்சது 0.15 சதவீதம் இருக்கறதால சிப்பு பொடிப்பொடியா உடைஞ்சு விழும், ஆபரேட்டருக்கு நிம்மதி. ஆனா அதே கந்தகம் தான் வெல்டிங்ல பிரச்சனை. பீடு, அதாவது வெல்டு உருகி விழுந்த வரி, ஆறும்போது நடுவுல முடி மாதிரி ஒரு கோடு விழும், வெறும் கண்ணுக்கு தெரியாமயே போயிடும், பெனட்ரன்ட் (விரிசலுக்குள்ள போற செவப்பு சாயம்) அடிச்சு டெவலப்பர் (அத வெளிய இழுக்கற வெள்ளைப் பொடி) போட்டா தான் செவப்பா எழும்பும். உப்பு ஈரத்துலயும் 304 விட சீக்கிரம் குழி விழும். ட்ராயிங்ல எங்கயாவது வெல்டு குறி இருந்தா 303 வேண்டாம், அவ்ளோதான். 304 எல் போங்க, கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல இருக்காது, வெல்டு பக்கத்துல குரோமியம் கார்பனோட சேந்து கார்பைடா போயி துரு பிடிக்கற தொல்லை ரொம்ப குறையும்.

316 எடுத்தா ஸ்ட்ராங்கா இருக்கும்னு நெனச்சு ஷாஃப்டுக்கு போடறாங்க. இல்லங்க, அனீல் பண்ண (சூடாக்கி இளக்கின) ராடுக்கு ஸ்டாண்டர்டு கேக்கற ஈல்டு (ராடு நிரந்தரமா உருமாற ஆரம்பிக்கற பலம்) 304, 316 ரெண்டுக்குமே குறைஞ்சது 205 மெகாபாஸ்கல் தான். 316ல இருக்கற 2லேருந்து 3 சதவீதம் மாலிப்டினம், உப்புல இருக்கற குளோரைட தாங்கறதுக்காக, பலத்துக்கு இல்ல. பலமும் வேணும் உப்புத்தண்ணியும் தாங்கணும்னா டூப்ளெக்ஸ் 2205ங்கற கிரேட பாக்கலாம், அதுக்கு ஈல்டு குறைஞ்சது 450 மெகாபாஸ்கல். அப்பறம் உப்புத்தண்ணி சூடா, 60 டிகிரிக்கு மேல, லோடோட இருந்தா 316லயும் விரிசல் விழும், இத மறந்துடறாங்க.

420 வாங்கி ஹார்டனிங் (சூடாக்கி சட்டுனு ஆற வெச்சு கெட்டியாக்கறது) பண்ணாமலே போடறதும் நடக்குது. அனீல் நிலைல குரோமியம் நிறைய கார்பைடுல மாட்டிட்டு இருக்கும், அதனால தேயறதும் ஜாஸ்தி, துருவும் ஜாஸ்தி.

மில்லோட டெஸ்ட் சர்டிஃபிகேட் வந்துச்சுன்னு ஃபைல்ல போட்டுடாதீங்க, அதுல இருக்கற ஹீட் நம்பரும் (ஒரே உருக்குல வந்த ராடுங்களுக்கு போடற நம்பர்) ராடு மேல பஞ்ச் பண்ணிருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. பிரஷர் வெசல் வேலைன்னா சாதாரண ராடுக்கான ஏஎஸ்டிஎம் ஸ்டாண்டர்டு ஏ276 போதாது, ஏ479 கேளுங்க. ராட வெட்டும்போது நம்பர் இருக்கற முனைய கடைசியா வெச்சுக்கோங்க, இல்லன்னா மிச்சத் துண்டு ரேக்குக்கு போன பிறகு அது 304ஆ 316ஆன்னு பாத்தே சொல்ல முடியாது.